கார்லோ வித்தாதினி (1800 – 1865)

இத்தாலியின் மிலான் நகருக்கு அருகே 1800 இல் பிறந்தவர் கார்லோ வித்தாதினி. பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1826 இல் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எழுதிய ஆய்வு நோயொன்றைப் பற்றியதன்று. அமனிற்றா என்னும் காளான் சாதியைப் பற்றியது. உண்ணத்தக்க இனமும் உயிரைக் குடிக்கும் இனமும் இந்த ஒரே சாதியில் இருப்பதால், வைத்தியர் ஒருவர் அதனைத் தெரிவுசெய்ததில் வியப்பில்லை.

ஆயினும் இவரது பெயர் நிலைத்தது மண்ணுக்கடியில் வளரும் பங்கசுகளாலேயே. ட்ரபிள்களையும் அவற்றை ஒத்தவற்றையும் விவரித்து 1831 இல் நூலொன்றை வெளியிட்டார். விலையுயர்ந்த கறுப்பு ட்ரபிளுக்கு ரியூபர் மெலனோஸ்போரம் எனப் பெயரிட்டவரும் இவரே. காடுகளில் அரிதாகவே அகப்படும் கௌத்தியேரியா என்ற சாதியும் அந்நூலில்தான் முதன்முதலாக இடம்பெற்றது.

அதனை எவ்வாறு இனங்காண்பது? மாணவர்கள் இவ்விடத்தைக் கவனமாகப் படிக்கவும். தோண்டியெடுக்கும்போது அதுவும் சிறு கிழங்கு போலவே தோன்றும். ஆனால் முதிர்ந்ததும் வெளித்தோல் இராது. உள்ளேயுள்ள வளைந்த சிற்றறைகள் வெளியே திறந்திருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வித்திகளின் மேல் நீளப்பாட்டில் வரம்புகள் தெரியும். ட்ரபிளின் வித்திகள் பை போன்ற கலத்தினுள் உண்டாகின்றன. இதன் வித்திகளோ கலத்தின் நுனியில், வெளியே உண்டாகின்றன. எனவே தோற்றம் ஒத்திருந்தாலும் இவை நெருங்கிய உறவல்ல. பிற்கால டிஎன்ஏ ஆய்வுகள் கௌத்தியேரியாவைப் பவளக் காளான்களுக்கு அருகில் வைத்துள்ளன. வெளித்தோற்றத்தை மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது.

பின்னர் உண்ணத்தக்க காளான்கள் பற்றியும் நூல் எழுதிய வித்தாதினி, பட்டுப்புழுக்களை அழித்த பங்கசு நோயையும் ஆராய்ந்தார். 1865 இல் மிலானில் காலமானார்.