புவியின் நாடி பார்த்த பேராசிரியர் ஜோன் மில்ன்

எம் நாட்டவர்க்குப் புவிநடுக்கம் என்பது நெடுங்காலமாகப் பாடப்புத்தகத்திற் படித்து மறக்கும் ஒரு செய்தியாகவே இருந்துவந்தது. அது யப்பானிலும் இத்தாலியிலும் சிலியிலும் நிகழ்வது, எமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றிருந்தோம். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி அந்நினைப்பைக் கடல் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே நம்மவரிற் பலர், உலகில் எங்கு நிலம் நடுங்கினும் அதனை அறிந்து கூறுவார் யாவர், அவர்க்கு அது எவ்வாறு தெரிகின்றது என வினவத் தொடங்கினர். அவ்வினாவின் அடியைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் ஒரு மனிதரின் வீட்டு வாயிலிலேயே போய்ச் சேர்வர். அவர்தாம் ஜோன் மில்ன். விஞ்ஞானம் பயிலும் மாணவரிற் பலரும் அவர் பெயரை அறியார். ஆதலின் அவர் வரலாற்றை இம்மலரிற் சுருங்க எழுத முற்பட்டேன்.

மில்ன் 1850 ஆம் ஆண்டு டிசெம்பர் 30 ஆந் திகதி இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் பிறந்தவர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் அரச சுரங்கக் கலாசாலையிலும் பயின்று சுரங்கப் பொறியியலாளரானார். நியூபவுண்லாந்திற் கனிப்பொருள் தேடித் திரிந்ததும், சீனாய் மலை இருக்குமிடங் காணப் புறப்பட்ட கூட்டத்துடன் அராபியப் பாலைநிலத்துக்குச் சென்றதும் அவருடைய இளமைக்கால நிகழ்ச்சிகள். அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் யப்பானிய அரசு மேனாட்டுக் கல்வியைத் தன் மக்களுக்கு விரைந்து புகட்ட விரும்பி, ஐரோப்பிய ஆசிரியர்களை வரவழைத்துக்கொண்டிருந்தது. தோக்கியோவிலிருந்த பொறியியற் கலாசாலையிற் சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்கும் பேராசிரியராக மில்ன் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து நிரம்பவில்லை. கப்பற் பயணம் அவருடலுக்கு ஒவ்வாதது. ஆகவே 1875 ஓகஸ்ற் மாதத்திற் புறப்பட்டவர் ஐரோப்பாவைக் கடந்து, சைபீரியாவினூடும் மொங்கோலியாவினூடும் வண்டியிலும் ஒட்டகத்திலுமாகச் சென்று, 1876 மார்ச்சு மாதத்தில் யப்பானை அடைந்தார். கடலுக்கு அஞ்சிப் பனிக்காட்டின் வழியே ஏழு மாதம் நடந்த இம்மனிதரே, பின்னாளிற் கடல் கடந்த நாடுகளையெல்லாம் ஓரிழையிற் கோத்தவர். அவர் தோக்கியோ வந்துசேர்ந்த முதலிரவே நிலம் நடுங்கி அவரை வரவேற்றதென்று ஒரு கதையுண்டு.

1880 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆந் திகதி யோக்கோஹாமா நகரில் ஒரு நடுக்கம் நேர்ந்தது. உயிர்ச்சேதம் பெரிதில்லை, எனினும் புகைபோக்கிகள் பல வீழ்ந்து வெளிநாட்டாரைக் கலக்கின. மில்ன் அக்கலக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். நண்பர்களைக் கூட்டி யப்பானியப் புவிநடுக்கச் சங்கத்தை அவ்வாண்டிலேயே நிறுவினார். இத்துறைக்கென உலகில் முதன்முதல் எழுந்த சங்கம் அதுவே. ஹத்தோரி இச்சிசோ என்னும் யப்பானியர் தலைவராக, மில்ன் உபதலைவராக இருந்து பெரும்பாரத்தைத் தாங்கினார்.

நிலம் நடுங்கும்போது அதனை அளக்க வேண்டுமாயின், நடுங்காத ஒரு பொருள் வேண்டும். நிலத்தின்மேல் இருப்பவை யாவும் நிலத்தோடு சேர்ந்து ஆடுமாதலின், அத்தகைய பொருளுக்கு எங்கே போவது? இவ்விடர்ப்பாட்டைக் கிடையூசல் தீர்த்துவைத்தது. நம் வீட்டுப் படலையை எண்ணிப் பாருங்கள். தூண் சற்றே சாய்ந்திருந்தால் படலை தானாக மெல்ல அசைந்து ஓரிடத்தில் வந்து நிற்கும். தூணைத் திடீரென அசைத்தாற் படலையின் வெளிமுனை உடனே அசையாது. தன் நிறையினாற் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலையே பதிவு செய்தால் நிலத்தின் அசைவு புலப்படும். ஜேம்ஸ் ஈவிங், தோமஸ் கிறே, மில்ன் ஆகிய மூவரும் அந்நாளில் தோக்கியோவில் இத்துறையிலே உழைத்தனர். எக்கருவி எவருடையது என்பதில் அவர்களிடையே மனத்தாங்கலும் உண்டாயிற்று. ஈவிங்கின் பங்கு சிறிதன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மில்னின் பெருமையை நான் கருவியில் வைத்துக் காண்பவனல்லேன்.

அப்பெருமை தபாலட்டையில் இருக்கின்றது. தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் அரச உத்தியோகத்தர்களுக்குத் தபாலட்டைக் கட்டுகளை அனுப்பினார். அவ்வூரில் அவ்வாரம் எத்தனை நடுக்கம் உணரப்பட்டது என்று எழுதி வாரந்தோறும் ஓர் அட்டையைத் தபாலிற் சேர்க்கவேண்டும். அவ்வளவே அவர்கள் வேலை. கருவியும் வேண்டா, கணிதமும் வேண்டா. அவ்வட்டைகளைப் படத்திற் குறித்துப் பார்த்தபோது, பெரும்பாலான நடுக்கங்கள் வடக்கிலும் கிழக்கிலும் கடற்பக்கமாக எழுவதும், மேற்கே மலைத்தொடருக்கப்பால் அவை செல்லுதல் அரிதென்பதும் தெரியவந்தன. அவ்வழியே மேலும் மேலுஞ் சென்று, 1885 முதல் 1892 வரையில் யப்பானிற் பதிவான 8,331 நடுக்கங்களின் பட்டியலொன்றைத் தொகுத்தார். இரும்புக் குண்டை உயரத்திலிருந்து வீழ்த்தியும், வெடிமருந்தை வெடிக்கச் செய்தும், செயற்கையாக நிலத்தை அதிரவைத்து அலைகளின் வேகத்தை ஆராய்ந்தவரும் அவரே. அயலவர் அவரை என்ன நினைத்தனரோ!

1881 இல் ஹக்கொடாட்டே நகரத்துப் பௌத்தத் தலைமைக் குரு ஒருவரின் மகளான தோனே என்னும் நங்கையை மணந்தார். இரு சாராரும் இத்தகைய மணத்தை எளிதில் ஏற்காத காலம் அது.

1891 ஒக்டோபர் 28 ஆந் திகதி மினோ, ஒவாரி மாகாணங்களை உலுக்கிய பெருநடுக்கத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐரோப்பிய முறையிற் கட்டிய செங்கல் ஆலைகள் இடிந்தன; நகாரா ஆற்றின் இரும்புப் பாலம் சிதைந்தது. மேனாட்டுக் கட்டடக்கலையே மேலானது என்று கற்பித்தோருக்கு இது வெட்கம் தரும் பாடமாயிற்று. மில்ன் அழிவிடங்களை நேரிற் கண்டு, பேட்டன் என்பாருடன் சேர்ந்து படங்களோடு கூடிய நூலொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு யப்பானிய அரசு புவிநடுக்க ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைத்தது. மேனாட்டு ஆசிரியர் பலர் தாயகம் திரும்பியபின் ஒமோரி போன்ற யப்பானிய அறிஞர்கள் இத்துறையைத் தம் கையிற் கொண்டனர்.

இதனிடையே வேறொரு செய்தி உலகைத் திருப்பிவிட்டது. 1889 ஏப்பிரலில் யப்பானில் நேர்ந்த நடுக்கமொன்றை யேர்மனியின் பொற்ஸ்டாம் நகரில் வைத்திருந்த ஊசலிற் கண்டுகொண்டார் றெபெயர் பாஷ்விற்ஸ் என்னும் இளைஞர். பெருநடுக்கமொன்றைத் தக்க கருவியினால் உலகின் எப்பாகத்திலும் அறிய இயலும் என மில்ன் 1883 இலேயே எழுதியிருந்தார். அது மெய்யாயிற்று. உலகெங்கும் நிலையங்கள் வேண்டுமென அவ்விளைஞரும் விழைந்தார். ஆயினும் 1895 இல் அவர் இளவயதிலேயே காலமானார்.

அதே 1895 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆந் திகதி மில்னுடைய வீட்டில் தீப்பற்றியது. வீடும் ஆய்வுநிலையமும் கருவிகளும் நூல்களும், சங்கம் வெளியிட்ட ஏடுகளின் பிரதிகளும் எரிந்தொழிந்தன. இருபதாண்டு உழைப்பின் பெரும்பகுதி ஒரு நாளிற் சாம்பலாயிற்று. கையெழுத்துப் பிரதியைக் கறையானுக்கு இழந்த நம் புலவர்களின் குடும்பத்தார்க்கு இத்துயரின் அளவு தெரியும். யப்பானியப் பேரரசர் அவருக்கு உதயசூரிய விருதும் ஓய்வூதியமும் வழங்கினார். மில்ன் அவ்வாண்டே தோனே அம்மையாரோடும், ஹிரோத்தா என்னும் யப்பானிய உதவியாளரோடும் இங்கிலாந்து மீண்டார்.

நாற்பத்தைந்து வயதை நெருங்கிய அவர் ஓய்ந்திருந்திருக்கலாம். வைற் தீவில் நியூபோட் நகரையடுத்த ஷைட் என்னுஞ் சிற்றூரில் ஒரு வீட்டை எடுத்து, வந்தவுடனே ஊசலை நாட்டினார். பின்னர் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் துணைகொண்டு உலகின் நாற்றிசைக்கும் கடிதம் விடுத்து, ஒரே வகைக் கருவியை வாங்கி நிறுவும்படி கேட்டார். தோக்கியோவில் தபாலட்டை செய்த வேலையை இப்போது உலகளவிற் செய்யத் துணிந்தாரெனலாம். கேப்ரவுன், கெய்ரோ, மொரீசியஸ், ரொறன்ரோ, பம்பாய், கல்கத்தா, பத்தாவியா, பேர்த், வெலிங்ரன் என ஊர்கள் ஒவ்வொன்றாக இணைந்தன. தமிழகத்திற் கோடைக்கானல் வானாய்வு நிலையமும், பின்னர் நமது கொழும்பு நிலையமும் அவ்வரிசையிற் சேர்ந்தன. கப்டன் ஸ்கொற் 1901 இல் தென்துருவப் பயணம் சென்றபோது அவருடைய டிஸ்கவரிக் கப்பலிலும் ஒரு மில்ன் கருவி சென்றது. ஏறத்தாழ நாற்பது நிலையங்கள் அவர் காலத்தில் இயங்கின.

அந்நிலையங்களிலிருந்து வந்த குறிப்புகளையெல்லாம் ஷைட் வீட்டில் ஒழுங்குபடுத்தி அச்சிட்டு, 1900 முதல் 1912 வரை சுற்றுநிருபங்களாக வெளியிட்டார். எந்நாள், எந்நேரம், எவ்வூர்க் கருவி அசைந்தது என்னும் எண்களே அவற்றில் நிறைந்திருக்கும். ஓரளவு ஆண்டுக்கு இரண்டாக வந்த அவை குறிப்பனுப்பிய நிலையங்கள் அனைத்துக்கும் திரும்பிச் சென்றன. கேப்ரவுனிலிருந்து எழுதியவர் வெலிங்ரனில் என்ன பதிந்ததென்று கண்டார். கொழும்பிலிருந்து எழுதியவர் ரொறன்ரோவைக் கண்டார். அறிவைப் பெற்றவர் அதனைப் பூட்டிவைக்காமல், கொடுத்தவர்க்கே பெருக்கித் திருப்பித் தந்த இம்முறை எனக்கு அவர் கருவியிலும் வியப்பைத் தருகின்றது. பத்திரிகையாளர் அவ்வீட்டைத் தேடி வருவாராயினர். கோபே நகரம் அழிந்ததென்று ஒருமுறை பரவிய செய்தியை, தம் ஊசல் அசையவில்லை என்ற ஒரே காரணங்கொண்டு அவர் மறுத்தார்; அச்செய்தி பொய்யென்றே பின்னர்த் தெளிவாயிற்று.

குறையையும் கூறவேண்டும். அவர் கருவியில் ஊசலின் ஆட்டத்தைத் தணிக்கும் ஏற்பாடு இல்லை. ஒருமுறை அசைந்தது நெடுநேரம் தானே ஆடிக்கொண்டிருக்கும். நிலத்தின் அசைவெது, ஊசலின் அசைவெது என்று பிரித்தறிதல் கடினம். பதிவுத்தாளும் மிக மெல்லவே நகர்ந்தது. யேர்மனியில் வீசேட்டும் இரசியாவிற் கலிற்சினும் அதனினுஞ் சிறந்த கருவிகளைச் செய்தபின்னரும் மில்ன் தம் பழைய கருவியையே விடாது பற்றிநின்றார். உலகமெங்கும் ஒரே வகைக் கருவி இருக்கவேண்டுமென்ற பிடிவாதமே இதற்குக் காரணமெனலாம். ஆயினும் அக்குறையுள்ள பதிவுகளை வைத்துக்கொண்டே, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தவரான ஓல்டாம், நில நடுவே வேறுவகைப் பொருளாலான ஒரு கரு உண்டென்பதை 1906 இல் எடுத்துக்காட்டினார். மண்ணைத் தோண்டாமலே புவியின் நெஞ்சை அறிந்தனர்.

1908 இல் றோயல் சங்கம் அரச பதக்கத்தை மில்னுக்கு வழங்கியது. சிறுநீரக நோயால் வருந்திய அவர் 1913 யூலை மாத இறுதியிற் காலமாகி, நியூபோட்டிலே அடக்கம் செய்யப்பட்டார். ஆசிரியர் மறைந்தபின் பள்ளி கலைவதுண்டு. இங்கே அது நிகழவில்லை. ஒக்ஸ்போட் வானியற் பேராசிரியர் ரேணர் அப்பணியை மேற்கொண்டார். அது சர்வதேச நடுக்கத் தொகுப்பாக வளர்ந்து, 1964 இற் சர்வதேசப் புவிநடுக்க நிலையமாயிற்று. இங்கிலாந்தில் இயங்கும் அந்நிலையத்தின் தொகுப்பை இன்று இணையத்தில் எவரும் காசின்றிப் படிக்கலாம். மில்னுடைய சுற்றுநிருபம் தபாற் கப்பலிற் சென்று சில நூறு கைகளை எட்டியிருக்கும். இன்று நம் கல்லூரி மாணவனொருவன் கைபேசியில் அதன் வழித்தோன்றலைத் திறந்து, நேற்றைய நடுக்கத்தையும் நூறாண்டுக்கு முந்தியதையும் ஒருங்கே பார்க்கின்றான்.

இருந்தும் 2004 இல் என்ன நிகழ்ந்தது? சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பிளந்து நான்கு நிமிடத்துக்குள் அதன் முதலலை நிலத்தினூடே இலங்கையை அடைந்தது. கண்டிக்கருகே பல்லேகலையில் உள்ள கருவி அதனைச் செவ்வையாகப் பதிந்தது. கடலலை நம் கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரஞ் சென்றது. அவ்விடைவேளையில் மருதமுனைக்கோ முல்லைத்தீவுக்கோ மணற்காட்டுக்கோ ஒரு சொல் போய்ச் சேரவில்லை. இந்து சமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் அன்று இருக்கவில்லை. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இலங்கை இழந்தது. குற்றம் கருவியினதன்று, எழுதியது படிக்கவேண்டியவரிடம் உரிய வேளையிற் செல்லாமையே குற்றம். இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை 2011 இல் ஏற்றன. அவற்றின் செய்தி கரையோரக் கிராமத்து மீனவரின் காதுவரை எத்தனை நிமிடத்திற் செல்கின்றதென்பதை இன்றைய மாணவர் எவரேனும் ஆராய்வாராயின் அது நல்ல ஆராய்ச்சியாகும்.

ஒன்று கூற விட்டுப்போயிற்று. கணவர் மறைந்தபின் தோனே அம்மையார் சில ஆண்டுகள் வைற் தீவிலே தனித்திருந்தார். முதலாம் உலகப்போர் முடிந்து கடல்வழி திறந்தபின் ஹக்கொடாட்டேக்குத் திரும்பி, எஞ்சிய நாளை அங்கே கழித்தார்.