பனிவெளியை அளந்த கால்கள்

ஆர்க்டிக் பகுதியில் பயணம் செய்வோருக்கு வரைபடமே உயிர்த்துணை. அதில் ஒரு கோடு பிழைத்தால் கப்பல் பனியில் சிக்கும், உணவு தீரும். அத்தகைய பிழைக்கோடு ஒன்றைத் திருத்தியவர் ஜான் ரே.

ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில் 1813ஆம் ஆண்டு பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் மருத்துவராகக் கனடா சென்றார். கிரீ மக்களிடம் பனிக்காலணி அணிந்து நடக்கவும், இனுயிட் மக்களிடம் பனிக்கட்டி வீடு கட்டவும் கற்றார். அக்கால ஆங்கிலேய அதிகாரிகள் பலர் இழிவாகக் கருதிய கல்வி அது! நில அளவை பயில வேண்டியிருந்தபோது, கடுங்குளிரில் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவை இரண்டே மாதங்களில் நடந்து கடந்தார்.

1845இல் சர் ஜான் பிராங்க்ளின் தம் குழுவினருடன், இரு கப்பல்களில் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டார். அக்கால வரைபடங்கள் கிங் வில்லியம் தீவை அதன் கிழக்கிலுள்ள பூத்தியாவோடு இணைந்த நிலமாகக் காட்டின. கிழக்கே வழியில்லை என்றே எவரும் எண்ணியிருப்பர். கப்பல்கள் மேற்கே சென்று, அசையாப் பனியில் சிறைப்பட்டன. ஒருவரும் திரும்பவில்லை.

1854இல் பூத்தியாக் கரையை அளந்த ரே, அந்நிலத்துக்கும் கிங் வில்லியம் நிலத்துக்கும் இடையே நீரிணை ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார். அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே பயணத்தில் அவர் சந்தித்த இனுயிட் மக்கள், பசியால் மடிந்த வெள்ளையர் குழுவைப் பற்றிக் கூறினர். வெள்ளிக் கரண்டிகள் முதலிய பொருள்களையும் விற்றனர். இறுதியில் அம்மனிதர்கள் இறந்த தோழர்களின் உடலையே உண்டனர் என்பதும் அச்செய்தியில் அடங்கும்.

கேட்டதை மறைக்காமல் அறிக்கையில் எழுதினார் ரே. அவ்வறிக்கை செய்தித்தாளில் வெளியானதும் லண்டன் கொதித்தது. பிராங்க்ளினின் மனைவி சினந்தார். புகழ்மிக்க நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், இனுயிட் மக்களின் சொல் நம்பத்தக்கதன்று எனக் கட்டுரைகள் எழுதினார். இனுயிட் மக்களின் சொல்லைவிட, ஆர்க்டிக் காணாத எழுத்தாளரின் சொல் அந்நகரில் எடுபட்டது. ரே தம் கூற்றிலிருந்து பின்வாங்கவில்லை. பிராங்க்ளின் குழுவின் முடிவைக் கண்டறிந்தமைக்கான 10,000 பவுன் பரிசு அவருக்கும் அவர் குழுவினருக்கும் கிடைத்தது. ஆனால், ஆர்க்டிக் பயணிகள் பலர் பெற்ற 'சர்' பட்டம் அவருக்கு வழங்கப்படவேயில்லை. 1893இல் லண்டனில் காலமானார். அவர் உடல் ஆர்க்னியின் கிர்க்வால் நகரத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், நார்வே நாட்டு அமுன்ட்சென் தம் சிறுகப்பலை ரே நீரிணை வழியே செலுத்தினார். 1906இல் வடமேற்குக் கடல்வழியை முழுமையாகக் கடந்தார். கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வு செய்தபோது, அவற்றில் கத்தி வெட்டுத் தடங்கள் காணப்பட்டன.