பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 – ஆகஸ்ட் 23, 1888) ஓர் ஆங்கிலேய இயற்கையியலாளரும் நூலாசிரியரும் ஆவார். கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர். அக்வேரியம் என்னும் சொல் இன்றைய பொருளில் பரவியதற்கு இவர் 1854 இல் வெளியிட்ட நூலே பெருங்காரணம் எனலாம்.

இளமை

கோஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்து, பூல் என்னும் துறைமுக ஊரில் வளர்ந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். நுண்ணிய பொருள்களை வண்ணத்தில் தீட்டும் பயிற்சி மகனுக்கும் வாய்த்தது. 1827 இல் நியூபவுண்ட்லாந்துக்குச் சென்று வணிக நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். 1835 இல் கனடாவின் காம்ப்டனில் தொடங்கிய வேளாண்மை பலன் தரவில்லை. 1838 இல் அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்து, அங்குள்ள பூச்சிகளை வரைந்தார். அதன்பின் நாடு திரும்பி எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். 1848 இல் எமிலி போவ்ஸ் என்பாரை மணந்தார். இவர்களுடைய ஒரே மகன் எட்மண்ட் பிற்காலத்தில் புகழ்பெற்ற இலக்கியத் திறனாய்வாளரானார்.

கண்ணாடித் தொட்டி

கண்ணாடித் தொட்டியில் கடலுயிர்களை வளர்க்க முதலில் முயன்றவர் கோஸ் அல்லர். ழான் வில்புரோ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி 1830களிலேயே சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டிகளைப் பயன்படுத்தி ஆய்வு செய்தார். நீர்த்தாவரங்கள் வெளியிடும் ஆக்சிசனால் மீன்கள் உயிர்வாழ்வதை வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850 இல் வெளியிட்டார். கோஸ் 1852 இல் உடல்நலம் தேறுவதற்காக டெவன் கடற்கரைக்குச் சென்றபோது இம்முறையைக் கடல்நீருக்குப் பயன்படுத்திப் பார்த்தார். 1853 மே மாதத்தில் லண்டன் விலங்கியல் பூங்காவில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்திற்குக் கடலுயிர்களைச் சேகரித்து அளித்தவர்களுள் இவரும் ஒருவர்.

அவர் தம் நூலில் விவரித்த தொட்டி ஏறத்தாழ 2 அடி நீளமும் 1½ அடி ஆழமும் கொண்டது. அடிப்பாகம் சிலேட்டுக் கல். மூலைகளில் பிர்ச் மரத் தூண்கள். அவற்றின் தலைப்பில் அதே மரத்தாலான சட்டம். கண்ணாடிகள் காடிகளில் செருகப்பட்டு வெள்ளை ஈயம் கலந்த பட்டியால் அடைக்கப்பட்டன. ஈயம் நஞ்சாகையால் இத்தகைய புதுத் தொட்டிகளைப் பல நாள் நீரில் ஊறவைத்த பின்னரே உயிர்களை விட வேண்டியிருந்தது.

மேல்விளிம்பில் நீரின் அழுத்தம் ஏறக்குறைய சுழியமாக இருக்க, அங்கே சட்டம் எதற்கு என்னும் ஐயம் எழக்கூடும். இந்த அளவுள்ள தொட்டி நிரம்பியிருக்கையில் நீண்ட கண்ணாடியின் மீது ஏறத்தாழ 60 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை செயல்படுகிறது. ஆழம் இரட்டிப்பானால் இவ்விசை நான்கு மடங்காகும். கண்ணாடியின் அடியும் இரு பக்கங்களும் பிடிக்கப்பட்டு மேல்விளிம்பு மட்டும் கட்டின்றி நிற்பதால், அவ்விளிம்பின் நடுப்பகுதியே மிகுதியாக வெளிப்புறம் வளையும். வளைவு மிகுந்தால் மூலைகளின் ஒட்டு பிரியும். மேல்சட்டம் இவ்வளைவைத் தடுக்கிறது.

1960களில் சிலிக்கோன் பசை பரவியபின் மரச்சட்டங்களும் இரும்புச்சட்டங்களும் மறைந்தன. ஆனால் பெரிய தொட்டிகளில் எதிரெதிர்க் கண்ணாடிகளை இணைக்கும் குறுக்குப் பட்டை, பிரேஸ் என்னும் பெயரில் நிலைத்துவிட்டது. விளக்குப் பொருத்தவும் கைவிட்டுத் துலக்கவும் இடைஞ்சலாக இருப்பதால் சிலர் அதை வெட்டி எடுத்துவிடுகின்றனர். எடுத்த அன்றே தொட்டி உடையாததால் அது தேவையற்றது என்று கருதுவது தவறாகும். ஒட்டு மெல்ல மெல்ல இழுபட்டுப் பல நாள் கழித்தும் பிரியலாம். நீரை முழுவதும் வடித்துவிட்டு, நடுப்பட்டைக்கு மாற்றாக நான்கு மேல்விளிம்புகளிலும் உட்புறமாக அகலமான கண்ணாடிப் பட்டைகளைச் சட்டம் போல ஒட்டுவது உண்டு. கோசின் தொட்டியிலும் சட்டம் விளிம்பைச் சுற்றியே இருந்தது, நடுவில் திறப்பு இருந்தது.

1854 இல் கோஸ் செயற்கைக் கடல்நீருக்கான கலவையையும் வெளியிட்டார். நூறு பங்கு உப்பில் 81 பங்கு சாதாரண உப்பு, 7 பங்கு எப்சம் உப்பு, 10 பங்கு மக்னீசியம் குளோரைடு, 2 பங்கு பொட்டாசியம் குளோரைடு என்பது அதன் அளவு. இதனால் கடலோரத்தில் வாழாதவரும், சான்றாகக் கரையான்சாவடி போன்று கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரினரும், கடலுயிர் வளர்க்க வழி பிறந்தது. சென்னை மெரினாவில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான கடல்மீன் காட்சியகம் 1909 இல் திறக்கப்பட்டது.

புகழும் இழப்பும்

கோசின் நூல்கள் இங்கிலாந்தில் பெரும் மோகத்தை உண்டாக்கின. மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று பாறைக் குழிகளிலிருந்த கடற்சாமந்திகளையும் நண்டுகளையும் அள்ளிச் சென்றனர். தாம் வரைந்து காட்டிய அழகே அக்கரைகள் வெறுமையாவதற்குக் காரணமானதை எண்ணிக் கோஸ் வருந்தினார் என்பதை எட்மண்ட் 1907 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். இன்று பவளப்பாறை மீன்களைப் பிடிப்பது பற்றி எழும் விவாதத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

1856 இல் இவர் அரச கழக உறுப்பினராகத் தேர்வு பெற்றார். மறு ஆண்டு பெப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதே 1857 இல் கோஸ் வெளியிட்ட ஓம்ஃபலோஸ் என்னும் நூல் அவருடைய நற்பெயரைக் குலைத்தது. ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையாளரான இவர், உலகம் படைக்கப்பட்டபோதே பழமையின் அடையாளங்களுடன் படைக்கப்பட்டது என்று அதில் வாதிட்டார். புதைபடிவங்களும் அவ்வாறு அமைந்தவையே என்பது அவர் கருத்து. நண்பரும் சமயகுருவுமான சார்லஸ் கிங்ஸ்லிகூட இதை ஏற்கவில்லை. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க எவ்வழியும் இல்லை என்பதே அதன் அடிப்படைக் குறை.

பிற்காலம்

மகனுடன் டெவனின் செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறிய கோஸ், 1860 இல் எலிசா பிரைட்வென்னை மறுமணம் செய்தார். பிரித்தானியக் கடற்சாமந்திகள் பற்றிய இவருடைய நூல் 1858க்கும் 1860க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் வண்ணப்படங்கள் இன்றும் பாராட்டப்படுகின்றன. பின்னர் ஆர்க்கிட் செடிகள் வளர்ப்பதிலும் நுண்ணோக்கி ஆய்விலும் ஈடுபட்டார். சி. டி. ஹட்சனுடன் இணைந்து எழுதிய ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர்கள் பற்றிய நூல் 1886 இல் வெளியாயிற்று. குளிர்கால இரவொன்றில் திறந்த சன்னலருகே தொலைநோக்கியால் விண்மீன்களைப் பார்த்திருந்ததால் நோயுற்று, 1888 ஆகஸ்ட் 23 அன்று காலமானார்.