விடை வராத ஆறு மாதங்கள்

1911-ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 289 என்று எண்ணிடப்பட்ட வினா ஒன்று வெளியானது. ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் மற்றொன்று என முடிவின்றி நீளும் ஒரு கோவையின் மதிப்பை அது கேட்டது. ஆறு மாதங்கள் கழிந்தன. மூன்று இதழ்கள் வந்தன. எவரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் வினா தொடுத்தவரே விடையையும் அளித்தார். விடை: 3. கல்லூரித் தேர்வில் தேறாமல், நிலையான வேலையும் இல்லாமல் இருந்த அந்த 23 வயது இளைஞர், சீனிவாச இராமானுஜன்.

போடிநாயக்கனூரில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் நான். எட்டாம் வகுப்பு மாணவர்க்கும் இவ்வினாவின் வாசலைத் திறந்துகாட்ட முடியும் என்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். 3-இன் வர்க்கம் 9. அதை 1 + 2×4 என எழுதலாம். 4-இன் வர்க்கம் 16. அது 1 + 3×5. 5-இன் வர்க்கம் 25. அது 1 + 4×6. எந்த எண்ணின் வர்க்கமும், அதன் இரு பக்கத்து எண்களின் பெருக்கலைவிட ஒன்று அதிகம். ஆகவே 3 என்பது 1 + 2×4-இன் வர்க்கமூலம். அதிலுள்ள 4-க்குப் பதிலாக 1 + 3×5-இன் வர்க்கமூலத்தை வைக்கலாம். அதிலுள்ள 5-க்கும் அவ்வாறே. இப்படி முடிவிலிவரை செல்லலாமா என்பதற்குத் தனி நிரூபணம் தேவை. ஆனால், வேர் இவ்வளவுதான். எளிய ஒன்றை எவரும் பாராத கோணத்திலிருந்து பார்த்ததே அவருடைய மேதைமை.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதியவர். நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பெற்ற அந்தச் சிறுவனின் கையில், ஏறத்தாழ 5,000 முடிவுகளை நிரூபணமின்றித் தொகுத்திருந்த கார் என்பவரின் நூல் கிடைத்தது. அது அவரைக் கணிதத்துக்குள் இழுத்துக்கொண்டது. ஏனைய பாடங்களிலிருந்து வெளியேற்றியது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறியதால் பறிபோனது. பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பயனில்லை. 1907-இல் இடைநிலைக் கலைத் தேர்வில் மீண்டும் தோற்றபின், பட்டப் படிப்பின் கதவு முற்றாக மூடியது.

அதன்பின் பல ஆண்டுகள் அவருக்கு வறுமையே துணை. காகிதம் வாங்க வழியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். 1910-இல் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு, துணை ஆட்சியரும் கணிதக் கழகத்தின் நிறுவனருமான வி.இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் சந்தித்தார். அவர் சென்னை நண்பர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் உதவித்தொகை வழங்கினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கு அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர் என்பது நற்பேறு.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், மறு ஆண்டு மார்ச்சில் கப்பலேறியதும் பலரும் அறிந்தவை. அதே 1913-இல் வெளிவந்த சிறு கட்டுரை ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வட்டத்தின் பரப்புக்கு ஏறக்குறைய இணையான சதுரத்தை வரையும் முறை அது. கோடுகளின் விகிதசமத்தைக் கொண்டு 355-இன் கீழ் 113 என்ற பின்னத்தைப் பிடித்து, அதன்வழி வர்க்கமூலத்தை எட்டுகிறார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாக இருந்தாலும், சதுரத்தின் பக்கத்தில் நேரும் பிழை ஏறத்தாழ ஓர் அங்குலமே.

விகிதசமம் எங்கள் ஊருக்கு அந்நியமானதன்று. ஏலமலைச் சரிவில் பறித்த பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். 350 கிலோ பச்சைக்காய்க்கு எவ்வளவு என்று கேட்டால், பள்ளி வாசலை மிதியாத தொழிலாளியும் நொடியில் 70 என்பார். அவருடைய மகளோ, அதே கணக்கு x என்ற எழுத்தோடு கரும்பலகையில் வந்தால் மிரண்டு நிற்பாள். விடியுமுன் பெற்றோர் ஜீப்பில் மலையேறிவிட, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளைகளை நான் அறிவேன். பத்தாம் வகுப்பில் கணிதம் ஒன்றில் தவறியதும், அவர்களில் சிலர் காய் பறிக்கவும் தரம் பிரிக்கவும் போய்விடுவார்கள். துணைத்தேர்வு உண்டுதான், ஆனால் அதற்கு அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவர ஒருவர் வேண்டும்.

இராமானுஜன் கணிதத்தால் பிற பாடங்களில் தோற்றார். இவர்கள் கணிதத்தில் தோற்கிறார்கள். இவர்கள் அனைவரும் இராமானுஜன்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பாடத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு வாழ்வை அளப்பது அன்றும் பிழை, இன்றும் பிழை என்பதே என் வாதம். தேர்வு முறை கைவிட்ட அவரைக் காத்தவர்கள் சில தனி மனிதர்கள். அத்தகையவர் வாய்ப்பது நற்பேற்றைப் பொறுத்தது; பள்ளி அமைப்பு நற்பேற்றை நம்பி இயங்கலாகாது. மலையடிவாரப் பள்ளிகளில், தவறிய மாணவரை வீடு தேடிச் சென்று மீட்பது ஆசிரியரின் தனிப்பட்ட கருணையாக இன்றி, நேரமும் ஆளும் ஒதுக்கப்பட்ட கடமையாக வேண்டும்.

1918-இல் அவர் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினருமானார். ஆனால் நோய் முற்றியிருந்தது. தாயகம் திரும்பும் அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில், நோயாளியாக இருந்தபடியே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் மறுமொழி எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக எஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு அதில் கேட்டுக்கொண்டார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32-ஆம் வயதில், சென்னையில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளிலுள்ள முடிவுகளை நிரூபிக்கக் கணித உலகம் பல பத்தாண்டுகள் உழைத்தது. அந்தக் கடிதத்திலுள்ள வேண்டுகோளை நிறைவேற்ற மேதைமை எதுவும் தேவையில்லை. அதுவே இன்னும் முடியாத கணக்கு.