நடுவழியில வண்டி நின்னா யாரைக் கூப்பிடுவீங்க? ஜி.டி.நாயுடுவின் ரோட்டோரக் கதை

சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் பார்க்கும் அண்ணன் ஒருத்தர், போன வருஷம் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கினார். முன்னாடி வின்ச், கூரை மேல கேரியர், அதுக்கு மேல மடக்குற டென்ட், ரெண்டாவது பேட்டரி, குட்டி ஃப்ரிட்ஜ், சேத்துல சிக்கினா டயருக்கு அடியில் போடும் பலகைன்னு சகலமும் ஏத்தியாச்சு. பார்க்கவே கெத்து! முதல் பயணம் தாளவாடிப் பக்கம். போன் சிக்னலே இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டது. போனது ஒரு சின்ன ஃப்யூஸ். அந்தப் பெட்டி வண்டியில எங்கே இருக்குன்னே அண்ணனுக்குத் தெரியலை. முட்டைக்கோஸ் லோடு ஏத்தி வந்த டிரைவர்தான் இறங்கி மாத்திக் கொடுத்திருக்கார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம ஜி.டி.நாயுடு ஞாபகம்தான் வந்தது. அவர் கதையும் இப்படி வழியில் நின்ற ஒரு வண்டியில்தான் தொடங்குகிறது.

சென்னிமலையில் இருந்து காங்கேயம், பல்லடம் வழியா சூலூர் போனால், பக்கத்திலேயே கலங்கல். 1893-ல் அங்கே பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. படிப்பு ஏறலை. வாத்தியார் மேல மண்ணை அள்ளி வீசிய பையன் என்றுதான் ஊரில் பேச்சு. ஒருநாள் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுபோனதாம். அவர் அங்கேயே உட்கார்ந்து வண்டியைத் துடைத்து, சரிசெய்து, கிளம்பிப் போயிட்டார். கூடவே இருந்து எல்லாத்தையும் பார்த்த பையனுக்கு அதுக்கப்புறம் தூக்கம் வரலை. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார் என்கிறார்கள். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. மொத்தமாகப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டினார்.

நடுவுல பஞ்சு வியாபாரம், பம்பாய், நஷ்டம். அதை விடுங்க. ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்து உதவ, 1920-ல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி - பழநி வழியில் ஓட்டினார். சுமார் 60 கிலோமீட்டர். இன்னைக்கு அது ஒரு டீ குடிக்கிற தூரம். அன்னைக்கு அப்படி இல்லை. கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்பணும், ரேடியேட்டர் கொதிக்கும், மண் ரோட்டில் டயர் பஞ்சர் ஆகும். ஜாக்கி, பஞ்சர் ஒட்டும் சாமான், தண்ணீர், இதெல்லாம் வண்டியிலேயே இருந்தாகணும். போன் பண்ணினா மெக்கானிக் வரும் காலமா அது? முருகனைப் பார்க்கக் கிளம்பின ஜனம் வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கும். நின்னா அன்றைய வருமானமும் போச்சு, பேரும் போச்சு. கடன் வேற தலைக்கு மேல. டிரைவரும் அவர்தான், கண்டக்டரும் அவர்தான்.

அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்து, 1933-ல் 280 பஸ் ஆனது. ரிப்பேருக்கு வெளியாளை நம்பாமல் சொந்தமாகவே பட்டறை வைத்தார். எஞ்சின் நடுக்கத்தை வைத்து எங்கே கோளாறுன்னு கண்டுபிடிக்கும் கருவிகூட அவர் செய்ததுதான். என்னைக் கேட்டால், எல்லாரும் பேசும் அந்த எலெக்ட்ரிக் ரேஸரைவிட இதுதான் பெரிய விஷயம்!

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் எலெக்ட்ரிக் மோட்டார் தயாரித்தார். 1945-ல் அவர் நன்கொடையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்றைய ஜி.சி.டி.யின் ஆரம்பம் அது. வருஷக்கணக்கில் புத்தகம் புரட்டுவது வீண், மெஷினைப் பிரித்து மாட்டினால் சில மாதத்திலேயே தொழில் வந்துவிடும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கலை. வெளியே வந்துட்டார். 2,000 ரூபாய்க்குச் சின்ன கார் தரேன்னு சொன்னார், அதுக்கும் அனுமதி கிடைக்கலை. வரி விஷயத்தில் கோபம் தலைக்கேறி, தான் செய்த பொருட்களை ஊர் பார்க்கத் தானே உடைத்துப் போட்டார். பிரித்து மாட்டியே வளர்ந்த மனுஷன், மாட்ட முடியாதபடி உடைச்சது அப்போதான். 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார்.

அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கு, ஒருநாள் ஒதுக்கிப் பாருங்க. சென்னிமலை அண்ணனும் போய் வந்தார். இப்போ அவர் ஜீப்பில் ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் டூல் பாக்ஸ், ஃப்யூஸ் செட், ஸ்பேர் பெல்ட், பத்து லிட்டர் தண்ணீர் கேன். வாசலில் ஒரு பழைய மொபெட் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மூணு வாரம் ஆச்சு. திரும்ப மாட்டினதில் நாலு போல்ட் மிச்சமாம்.