பிரவுன்ஷ்வைக் கிறிஸ்டியான்

கிறிஸ்டியான் (செப்டம்பர் 20, 1599 - ஜூன் 16, 1626) ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்-வொல்ஃபன்பியுட்டல் சிற்றரசின் டியூக் குடும்பத்தைச் சேர்ந்த படைத்தலைவர் ஆவார். முப்பதாண்டுப் போரின் (1618-1648) தொடக்க ஆண்டுகளில் புரட்டஸ்தாந்து தரப்பில் போரிட்டார். இவர் பெரும் வெற்றி எதையும் பெற்றவர் அல்லர். ஆயினும் 1622 இல் இவர் வெளியிட்ட வெள்ளித் தாலர் நாணயங்களால் இன்றும் அறியப்படுகிறார்.

இளமை

தந்தை டியூக் ஹைன்ரிக் யூலியஸ். தாய் எலிசபெத், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானின் தமக்கை. தந்தை 1613 இல் இறந்தபின் அண்ணன் ஃப்ரீட்ரிக் உல்ரிக் ஆட்சிக்கு வந்தார். இளையவரான கிறிஸ்டியான் 1616 இல் ஹால்பர்ஸ்டாட் மறைமாவட்டத்தின் லூத்தரன் நிருவாகியானார். பதவியிழந்த பொஹீமிய அரசர் ஐந்தாம் ஃப்ரீட்ரிக்கின் மனைவி எலிசபெத் ஸ்டூவர்ட் இவருக்குத் தாய்வழி உறவினர். அவருக்காகப் போரிடுவதாக அறிவித்து 1621 இல் படை திரட்டினார்.

வெள்ளி நாணயங்கள்

கூலிப்படையினர் ஊதியம் கிடைக்கும்வரை மட்டுமே உடன் நிற்பர். அக்காலத்தில் ஊதியம் தருவதில் மற்றொரு சிக்கலும் இருந்தது. 1619 முதல் 1623 வரை ஜெர்மன் அரசுகள் பல, வெள்ளியைக் குறைத்துச் செம்பை மிகுதியாகக் கலந்து காசு அடித்தன. விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. கிறிஸ்டியானின் அண்ணனுடைய ஆட்சிப்பகுதியே இத்தகைய மட்டக் காசுகளுக்குப் பெயர்பெற்றது. எனவே நல்ல வெள்ளிக்குத் தனி மதிப்பு இருந்தது.

1622 இன் தொடக்கத்தில் கிறிஸ்டியான் வெஸ்ட்ஃபாலியாவில் புகுந்து கத்தோலிக்க நகரமான பாடர்போர்னைக் கைப்பற்றினார். அங்குள்ள பேராலயத்தின் செல்வங்களும், புனித லிபோரியசின் எலும்புகள் வைக்கப்பட்டிருந்த திருப்பண்டப் பேழையும் எடுத்துச் செல்லப்பட்டன. பேழை உருக்கப்பட்டது. நாணயங்கள் லிப்ஷ்டாட் நகரில் அச்சிடப்பட்டன என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

1566 ஆம் ஆண்டின் பேரரசு விதிப்படி ஒரு தாலர் ஏறத்தாழ 29 கிராம் எடையும், அதில் 26 கிராம் அளவு தூய வெள்ளியும் கொண்டிருக்க வேண்டும். கிறிஸ்டியானின் தாலர்கள் இந்த எடையை ஒட்டியே அமைந்தன. ஒரு பக்கத்தில் மேகத்திலிருந்து நீளும் கை ஒன்று வாளேந்தி நிற்கிறது. மறுபக்க வாசகம் அவரைக் கடவுளின் நண்பர் என்றும், குருமாரின் பகைவர் என்றும் அறிவிக்கிறது. குருமாரைக் குறிக்க அதில் ஓர் இழிசொல்லே பயன்படுத்தப்பட்டுள்ளது. இதை வெளியிட்டவரே ஒரு மறைமாவட்டத்தின் நிருவாகி என்பது கவனிக்கத்தக்கது. படைவீரருக்குக் கூலியாகச் சென்ற காசு, சந்தைதோறும் பிரசாரத் தாளாகவும் பயன்பட்டது.

பாடர்போர்னில் திருத்தூதர் பன்னிருவரின் வெள்ளிச் சிலைகளைக் கண்ட அவர், உலகெங்கும் செல்ல வேண்டியவர்கள் இங்கு நிற்பதேன் என்று கேட்டு அவற்றை உருக்கினார் எனக் கதை ஒன்று உண்டு. இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை.

தோல்விகளும் இறப்பும்

1622 ஜூன் 20 அன்று ஹோக்ஸ்ட் அருகே தளபதி டில்லியிடம் தோற்றார். ஆகஸ்ட் 29 இல் ஃப்ளூரஸ் சமரில் இடக்கையில் காயமுற்று, அக்கை துண்டிக்கப்பட்டது. 1623 இல் ஹால்பர்ஸ்டாட் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இல் ஷ்டாட்லோனில் டில்லி இவரது படையின் பெரும்பகுதியை அழித்தார். மாமன் டென்மார்க் மன்னர் போரில் இறங்கியபோது அவருடன் சேர்ந்த கிறிஸ்டியான், நோயுற்று வொல்ஃபன்பியுட்டலில் இறந்தார். அப்போது வயது 26. ஹால்பர்ஸ்டாட்டின் பித்தர் என்ற பட்டப்பெயர் இவருக்கு நிலைத்துவிட்டது; சூறையாடலில் அக்காலத்துப் பிற படைத்தலைவர்களும் சளைத்தவர்கள் அல்லர்.

லிபோரியசின் எலும்புகள் 1627 இல் பாடர்போர்னுக்குத் திரும்பின. டிரிங்கன்பர்க் பொற்கொல்லர் ஹான்ஸ் கிராக்கோ அவற்றுக்குப் புதிய பேழை செய்தார். தாலர்களைச் சேகரிப்போர் இன்றும் விரும்பி வாங்குகின்றனர். பிற்காலப் போலிகளும் உள்ளன.