இன்ஜின் 'நாக்கிங்' சத்தத்தை நிறுத்தியவர், உலகின் காற்றில் ஈயம் கலந்த கதை: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

லாங் ரைடு போறீங்க. பின்னாடி லக்கேஜ், டாப் கியர், எதிரே ஏற்றம். த்ராட்டிலைத் திருகியதும் இன்ஜினுக்குள் ஒரு சத்தம். தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதே மாதிரி. கியரைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். டூரிங் பைக்காரர்கள் 'பிங்கிங்' என்றும் சொல்வதுண்டு.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சத்தத்தின் காரணத்தைத் தேடிப் போனார் ஓர் அமெரிக்கப் பொறியாளர். நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால், அவர் கொடுத்த மருந்துக்கு உலகம் இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பழி யார் மேல்?

தாமஸ் மிட்ஜ்லி 1889-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார். 1916-ல் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். காருக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கொண்டுவந்தவர்தான் இந்த கெட்டரிங்.

கெட்டரிங்குக்கு அப்போது ஒரு தலைவலி. இன்ஜின்கள் நாக்கிங் அடிப்பதற்கு அவருடைய பேட்டரி இக்னிஷன் முறைதான் காரணம் என்று பலரும் குறை சொன்னார்கள். உண்மை என்ன என்று கண்டுபிடிக்கும் வேலை மிட்ஜ்லியிடம் வந்தது.

சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்த்தார். ஸ்பார்க் சரியான நேரத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுத்தம் திடீரென எகிறியது. அதாவது, ப்ளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவுவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி அலை உலோகத்தில் மோதுவதுதான் நமக்குக் கேட்கும் சத்தம். ஆக, கோளாறு இக்னிஷனில் இல்லை, எரிபொருளில்.

பூவைப் பார்த்து வந்த ஐடியா

பனிக்கு அடியிலும் பூக்கும் ஒரு செடி. அதன் இலையின் பின்பக்கம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்ப்பதால்தான் அது சீக்கிரம் பூக்கிறது என்றால், பெட்ரோலையும் சிவப்பாக்கினால் என்ன? இருவருக்கும் வந்த யோசனை இது. ஆய்வகத்தில் சிவப்புச் சாயம் இல்லை. கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. நாக்கிங் குறைந்தது!

ஆனால், பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நிறமே இல்லாத அயோடின் சேர்மம் வேலை செய்தது. விஷயம் நிறத்தில் இல்லை, வேதியியலில் இருக்கிறது என்பது புரிந்தது. ஒவ்வொரு பொருளாகச் சோதித்தார்கள். டெல்லூரியம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால், உடம்பை விட்டுப் போகாத பூண்டு நாற்றம்! கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎதில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். சில துளிகளிலேயே சத்தம் அடங்கியது.

ஆல்கஹால் இருக்க ஈயம் ஏன்?

எத்தனால், அதாவது ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியும். ஆனால், ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. கலக்க வேண்டிய அளவும் அதிகம். ஈயச் சேர்மமோ கேலனுக்குச் சில கிராம் போதும், காப்புரிமையும் கிடைக்கும். 1923-ல் டேட்டனில் விற்பனை தொடங்கியது. பெயர் 'எதில்'. லெட் என்ற சொல்லே பெயரில் இல்லை.

ஈயம் விஷம் என்பது அப்போதே ஊரறிந்த விஷயம். மிட்ஜ்லியே ஈய பாதிப்பால் 1923-ல் ஃப்ளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர்களுக்குச் சித்தப்பிரமை பிடித்தது. 5 பேர் இறந்தார்கள், 30-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள்.

அக்டோபர் 30 அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தார் மிட்ஜ்லி. அவர்கள் முன்னாலேயே அந்த திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவினார். சுமார் ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். தன் உடம்பை அது என்ன செய்தது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். 1925-ல் நின்ற விற்பனை, 1926-ல் மறுபடி தொடங்கியது.

இன்னொரு கண்டுபிடிப்பு

அன்றைய ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா போன்ற ஆபத்தான வாயுக்கள் இருந்தன. அதற்கு மாற்றாக 1928-ல் மிட்ஜ்லி குழு கொண்டுவந்ததுதான் ஃப்ரியான். தீப்பிடிக்காது, விஷமில்லை. இது உண்மைதான். ஆனால், இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது 1974-ல்தான் தெரியவந்தது.

அதைப் பார்க்க மிட்ஜ்லி இல்லை. 1940-ல் போலியோவால் நடமாட்டம் இழந்தார். படுக்கையிலிருந்து எழக் கயிறும் கப்பியும் வைத்து ஓர் அமைப்பைத் தானே வடிவமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அதே கயிறு கழுத்தை இறுக்கி இறந்தார். வயது 55. அந்த ஆண்டு அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவரும் அவர்தான்.

வாகனப் புகை வழியே ஈயம் காற்றிலும் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் சேர்ந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் 2000-ல் ஈய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்தான் கைவிட்டது. இன்று நம் பங்க்குகளில் ஆக்டேனை உயர்த்துவது எது தெரியுமா? மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த அதே எத்தனால்!

உங்க பைக்கில் சத்தம் வந்தால்?

மிட்ஜ்லி செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முதல் படி: எதையும் ஊற்றுவதற்கு முன், சத்தம் எங்கிருந்து, எப்போது வருகிறது என்று பார்ப்பது.

• வண்டி நிற்கும்போது ஐடிலிங்கிலும் சத்தம் வருதா? அப்படின்னா பெரும்பாலும் நாக்கிங் இல்லை. டேப்பெட், டைமிங் செயினைப் பாருங்க.

• ஏற்றத்தில், பெரிய கியரில் மட்டும் வருதா? ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்க.

• பெட்ரோல் போட்ட பிறகு தொடங்கியதா? அடுத்த முறை வேறு பங்க்கில், மேனுவலில் சொன்ன ஆக்டேன் பெட்ரோல் போடுங்க.

• அப்படியும் நிற்கலையா? இன்ஜின் சூடு, உள்ளே படிந்த கார்பன், தவறான ஸ்பார்க் ப்ளக், இக்னிஷன் டைமிங் என வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்க.

சத்தத்தை அப்படியே விட்டுவிட்டு ஓட்ட வேண்டாம். தொடர்ந்து நாக்கிங் அடித்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.